படத்தைக் காட்டி எடுக்கும் ஆர்டர்

குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசி மூட்டையை இறக்கிக்கொள்ளும் வணிகர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் சரக்கே உருவாகாத நிலையில், படத்தை மட்டும் நம்பி ஆர்டர் எடுக்கும் ஒரு வியாபாரம் ஐரோப்பாவில் நடந்து வருகிறது. அதுதான் மாதிரி ரயில் வியாபாரம்.

பொம்மை ரயில் என்றால் வாங்குபவர்களுக்குக் கோபம் வந்துவிடும். உண்மை ரயிலை 87-ல் ஒரு பங்காக (பிரிட்டனில் 76-ல் ஒரு பங்காக) சுருக்கி, ஆணித்தலை வரை அப்படியே செய்வார்கள். ஜெர்மனியின் நூரம்பர்க்கில் 1950-ல் தொடங்கிய பொம்மைச் சந்தை ஆண்டின் ஆரம்பத்தில் கூடும். மார்க்ளின் போன்ற கம்பெனிகளின் புதுச்சரக்குப் பட்டியல்கள் அதையொட்டி வெளிவரும்.

பட்டியலில் இருக்கும் படம் எதனுடையது? சில சமயம் கையால் செய்த ஒற்றை மாதிரி. சில சமயம் அச்சில் முதலில் வார்த்தெடுத்த, வர்ணம் பூசாத உருப்படி. பல நேரம் கம்ப்யூட்டரில் வரைந்த வெறும் படம். ஓரத்தில் பொடி எழுத்தில் 'மாறுதலுக்கு உட்பட்டது' என்றிருக்கும்.

இதை ஏமாற்று என்று நாம் சொல்லமாட்டோம். எஃகு அச்சு வெட்டப் பெரும் முதல் வேண்டும். எத்தனை ஆர்டர் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். படத்தைப் பார்த்து ரயில் பிரியர்கள் சொல்லும் குறைகளும் உதவுகின்றன. அச்சில் இன்னும் கொஞ்சம் எஃகைக் குடைந்தெடுத்தால் பிளாஸ்டிக் பாகம் தடிக்கும், அது சுலபம். பாகத்தை மெலிதாக்க, குடைந்த இடத்தை மறுபடி அடைக்க வேண்டும், அது பெரும்பாடு.

இடிபடுபவர் கடைக்காரர்தான். சரக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. வந்த எஞ்சினில் பச்சை வேறு பச்சையாக இருந்தால் வாடிக்கையாளர் கம்பெனியைத் தேடிப் போவதில்லை. நேரே கல்லாவுக்கு வருகிறார்.

நம் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இதில் தெளிவாக இருக்கிறது. வர்ணனை சொல்லி விற்றால் சரக்கு வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு.

தீபாவளிக்குப் பட்டியலைக் காட்டிப் பரிசுப் பெட்டிக்கு முன்பணம் வாங்கும் நம் அன்பர்கள், படம் எதனுடையது என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு, அவர் சொன்னதை ரசீதிலேயே எழுதிவிடலாம். பட்டியல் தாளையும் தேதி போட்டு, சரக்கு வந்து இறங்கும்வரை ஆர்டர் நகலோடு குத்தி வைத்திருங்கள்.