பாவாடைக்குக் கலர் கேட்டோம், வீட்டைக் கேட்டோமா?

பெரியவங்க பேசும்போது சின்னப் பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்லியே வளர்ந்தவள் நான். என் பிள்ளைகளையும் அப்படித்தான் அதட்டி வைத்திருந்தேன், போன வருஷம் வரைக்கும்.

என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒத்துப்போகவில்லை. காரணத்தை விடுங்கள், எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரே பெண். 'குழந்தை யாரிடம் இருப்பது?' என்று பேச எங்கள் அம்மா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் கூடினோம். மாமா பேசினார், சித்தப்பா பேசினார், அண்ணியின் தம்பி கத்தினார். நடுவில் பாப்பா வந்து, "அத்தை, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "மாடிக்குப் போய் விளையாடு" என்று விரட்டியது நான்தான்.

தீபாவளிக்குப் பாவாடை எடுக்கும்போது என்ன கலர் வேணும் என்று அவளிடம் ஆயிரம் தடவை கேட்டிருப்போம்!

பேச்சு முறிந்து, விஷயம் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு முடியும் வரை பாப்பா அண்ணியிடம். சனிக்கிழமை தோறும் கோர்ட் வளாகத்திலேயே அண்ணன் அவளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. ஒருநாள் ஜட்ஜ் அம்மா எங்கள் எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் அம்மாவுக்கு வந்ததே கோபம். "பால் மணம் மாறாத பிள்ளைகிட்டயா நியாயம் கேக்குறது?" என்றார்.

வக்கீல்தான் விளக்கினார். 1890-ல் வந்த கார்டியன் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டாம். தன் விருப்பத்தை யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளை என்றால், அதை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். குழந்தை சொன்னதையே தீர்ப்பாக எழுத வேண்டும் என்பதில்லை. அதன் நலன்தான் முதலில். 1989-ல் ஐ.நா. சபை கொண்டுவந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்க மதிப்புத் தர வேண்டும் என்று 12-வது பிரிவு சொல்கிறதாம். நம் நாடும் 1992-ல் அதில் சேர்ந்துவிட்டது. பிளஸ் டூ வரை படித்த எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

உள்ளே என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் தலை பின்னிவிடும்போது அவளே சொன்னாள்.

"அப்பாவா அம்மாவான்னு அவங்க கேக்கவே இல்ல அத்தை. காலையில யார் எழுப்புவாங்க, ராத்திரி பயந்தா யாரைக் கூப்பிடுவேன்னுதான் கேட்டாங்க. நான் அம்மாகிட்ட இருக்கேன், லீவுக்கு அப்பா வீட்டுக்கு வர்றேன்னு சொன்னேன். கோர்ட்ல வச்சு அப்பாவைப் பார்க்க வேணாம், அங்க எல்லாரும் அழுறாங்க, ஸ்கூல் வாசலுக்கு அப்பா வரட்டும்னு சொன்னேன்."

பின்னலைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. பதினோரு பேரில் ஒருவருக்காவது இது தோன்றியதா? அன்றைக்குக் கூடத்தில் சொல்ல வந்ததும் இதுதானோ என்னவோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் ஸ்கூல் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறான். பேத்தி தன்னிடம் இல்லையே என்ற ஆற்றாமையில் அம்மா மட்டும் இன்னும், "யாரோ சொல்லிக் கொடுத்த பேச்சு" என்கிறார்.

போன வாரம் எங்கள் வீட்டில் வீடு மாற்றும் பேச்சு வந்தது. ஏழாவது படிக்கும் என் மகனையும் உட்கார வைத்தேன். "நான் வேணாம்னா மாறாம இருப்பீங்களா?" என்று மடக்கினான். "வாடகை கட்டுப்படியாகலடா, மாறித்தான் ஆகணும். ஆனா எந்தத் தெருன்னு நீயும் பார்த்துச் சொல்லு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீடு பார்க்கக் கிளம்பினான், கையில் கிரிக்கெட் மட்டையோடு.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.