இன்னும் கொஞ்சம் மெதுவா, சார்

கதவைக் கழற்றிய ஹெலிகாப்டரில் கேமராவோடு உட்கார்ந்திருப்பவர் ஓயாமல் கேட்பது இரண்டுதான்: இன்னும் மெதுவாக, இன்னும் தாழ்வாக. படத்துக்கு அது நல்லது. ஆனால் வேகமும் உயரமும்தான் ஹெலிகாப்டரின் கையிருப்பு. அவை போதிய அளவு இருந்தால், இன்ஜின் நின்றாலும் கீழிருந்து வரும் காற்று விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும், பத்திரமாக இறங்கிவிடலாம். படப்பிடிப்பு முதலில் கரைப்பதே அந்தக் கையிருப்பைத்தான்.

சிறிய ஹெலிகாப்டர்கள் செய்யும் அமெரிக்காவின் ராபின்சன் நிறுவனம், இந்த வேலைக்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. 30 நாட்ஸுக்கு (knots), அதாவது மணிக்கு சுமார் 55 கி.மீ.க்குக் கீழே வேகம் குறைவதை அது அஞ்சுகிறது. முன்னே ஓடும்போது விசிறிக்குக் கலங்காத புதுக்காற்று கிடைக்கும். வேகம் குறைந்தால், தான் கீழே தள்ளிய காற்றிலேயே அது உழல வேண்டும்; சக்தி அதிகம் தேவைப்படும். கோணம் தேடும் மும்முரத்தில் பின்காற்றும் சேர்ந்துகொண்டால், ஹெலிகாப்டர் அமிழத் தொடங்கும்.

இடது கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலை மேலே இழுக்கத்தான் அப்போது கை துடிக்கும். இழுத்தால் இன்ஜின் ஈடுகொடுக்க முடியாமல் விசிறியின் சுழற்சி குறையும். மூக்கைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் வால் விசிறியும் அதோடு பிணைந்ததே. சுழற்சி 80 சதவீதமானால் அதன் விசை 64 சதவீதம்தான். மூக்கு தானாகத் திரும்பும்.

தப்பிக்க, விழுந்துகொண்டிருக்கும்போதே நெம்புகோலை இறக்கி, இன்ஜினுக்குச் சக்தி கூட்டும் த்ராட்டிலைத் திருக வேண்டும். இது படித்து வருவதல்ல. பயிற்சியாளர் பக்கத்திலிருக்க, போதிய உயரத்தில் திரும்பத் திரும்பச் செய்து கைக்கே பழக வேண்டும். தலைமை விமானியாகக் குறைந்தது 500 மணி நேரம் பறந்தவரே படப்பிடிப்பு வேலைக்கு ஏற்றவர் என்கிறது அந்த எச்சரிக்கை. படமெடுப்பவரிடம் ‘முடியாது’ என்று சொல்லத் துணிவதையும் ஒரு தகுதியாகச் சேர்க்கிறது. எனக்கு அதுவே பெரிய தகுதியாகப் படுகிறது.

விமானி தேர்ந்தவராக இருந்தால் மட்டும் போதாது. 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கில், கதவில்லாத ஹெலிகாப்டரில் படமெடுக்கப் போன ஐந்து பயணிகள், வெளியே விழாமலிருக்கக் கயிறு பிணைத்த வார் அணிந்திருந்தார்கள். முன்னிருக்கைக்காரரின் கயிறு, தரையோரம் இருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் மாட்டி இழுத்தது. இன்ஜின் நின்றது. விமானி ஈஸ்ட் ஆற்றில் இறக்கினார்; மிதவைகள் சரியாக உப்பாமல் ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. வழக்கமான சீட் பெல்ட் போட்டிருந்த அவர் வெளியேறினார். பயணிகளிடம் கயிற்றை அறுக்கக் கத்தி இருந்தது. ஆனால் தலைகீழாக, குளிர்நீருக்குள், முதுகுப்புறக் கயிற்றைத் தேடி அறுக்க வேண்டும். ஐவரும் இறந்தார்கள். சில நாட்களிலேயே, சட்டெனக் கழற்ற முடியாத வார்களை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இத்தகைய பயணங்களில் தடைசெய்தது.