கண் எங்கே ஓடுதுன்னு பாருங்க!

டிவியில் இந்திப் பாட்டு ஓடுகிறது. நாயகி சுழன்று சுழன்று ஆடுகிறாள். நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம், பக்கத்துத் திரைக்கு வாருங்கள். வேடிக்கை அங்கேதான்!

அதே பாட்டின் மேல் ஒரு புள்ளி தத்தித் தாவுகிறது. பார்ப்பவரின் கண் நிற்கும் இடமெல்லாம் புள்ளி. நாயகியின் முகம், அவள் கை, மறுபடி முகம்... சட்டென்று கீழே குதிக்கிறது, அங்கே இந்தியிலேயே ஓடும் பாட்டு வரியின் முதல் சொல்லுக்கு! அடுத்த சொல், அதற்கும் அடுத்தது... அட, வாசிக்கிறார்! வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை!

ராஜஸ்தானில் இப்படித்தான் கண்ணின் ஓட்டத்தை அளந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழியில் படவிட்டு, அது எதிரொளிப்பதைக் கேமராவில் பிடிக்கிறார்கள். வாசிக்கும் கண் வழுக்கிக்கொண்டு போகாது. சுமார் கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். அந்தத் தடத்தைப் பார்த்தாலே வாசிப்பு தெரிந்துவிடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, யாரையும் எழுப்பி நிறுத்தி 'படி பார்க்கலாம்' என்று கூச வைக்க வேண்டாம் என்பதுதான். ஓரளவு எழுத்து தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் வரிகளைக் கூடவே வாசிக்க முயன்றார்கள்!

பாட்டு வரிகளைப் பாடும் மொழியிலேயே திரையில் ஓடவிடும் இந்த யோசனையின் சூத்திரதாரி பிரிஜ் கோத்தாரி. 1996இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது, ஸ்பானிஷ் கற்றுக்கொண்டே ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்தார். கீழே ஓடியது ஆங்கிலம். ஸ்பானிஷிலேயே ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அங்கிருந்து நினைப்பு இந்திப் பாட்டுக்குத் தாவியது. பிறகு அகமதாபாத் ஐஐஎம்மில் சேர்ந்து அதையே ஆராய்ச்சியாக்கினார்.

எழுத்து திரையை மறைத்தால் ரசிகர்கள் எரிச்சலடைவார்களே? குஜராத்தில் ரயில் நிலையத்திலும் கிராமங்களிலும் போட்டுக் காட்டினார்கள். ஜனங்களுக்கு எழுத்தோடு வந்த பாட்டுதான் பிடித்தது. கூடவே பாடலாமே! 1999இல் அகமதாபாத் தூர்தர்ஷனின் 'சித்ரகீத்'தில் குஜராத்திப் பாட்டுகளோடு தொடங்கி, பிறகு தூர்தர்ஷனின் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான 'சித்ரஹார்' வரை போனது.

பாடகர் எந்தச் சொல்லைப் பாடுகிறாரோ அந்தச் சொல் அந்த நொடியில் நிறம் மாறும். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், அதனால் அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரியும், கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் அதே சொற்கள் மறுபடி மறுபடி கண்ணில் படுகின்றன. பஸ் போர்டை ஒருவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறதே, அவருக்கு வேண்டிய பயிற்சி இதுதான். ஓர் எழுத்தும் தெரியாதவருக்கு இது மட்டும் போதாது, அவருக்கு ஆசிரியர் வேண்டும். பள்ளிக்குப் போய் பாதியில் நின்றவர்களும், கற்ற எழுத்தை மறந்துகொண்டிருப்பவர்களும் எத்தனை கோடி! அவர்களுக்குத் தினமும் வீட்டிலேயே, காசில்லாமல், பிடித்த பாட்டோடு வாசிப்பு!

நம் ஊரிலும் புதுப்படம் வந்தால் லிரிக் வீடியோ வந்துவிடுகிறது. ஆனால் எத்தனையோ வீடியோக்களில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் ஓடுகிறது. இசை நிறுவனத்தாரே, அதைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். பெரிதாக, பாடும் வேகத்துக்குச் சரியாக. பழைய பாட்டுகளுக்கும்!