கூடு விட்டுக் கூடு பாய்ந்த மோட்டார்

திருவண்ணாமலைக் கோயிலில் கிளி கோபுரத்தைக் கடந்துதான் அண்ணாமலையாரைத் தரிசிக்கச் செல்ல வேண்டும். பாரிஜாத மலர் கொணர்வதற்காக அருணகிரிநாதர் தம் உடலை விட்டு, இறந்த கிளியொன்றின் உடலில் புகுந்தாராம். அவர் திரும்புமுன் பகைவர்கள் அவ்வுடலைத் தகனம் செய்துவிட்டதால், கிளியாகவே அக்கோபுரத்தில் தங்கிவிட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை.

சமீபத்தில் தரிசனம் முடித்துத் திரும்புகையில், செங்கம் சாலைப் பட்டறை ஒன்றில் இக்கதை நமக்கு மறுபடியும் நினைவு வந்தது. பழைய அம்பாஸடர் வண்டியொன்றின் சொந்த எஞ்சின் தரையில் கிடந்தது. வேறொரு கம்பெனியின் டீஸல் எஞ்சின் சங்கிலிக் கப்பியில் அந்தரத்தில் தொங்கியது.

"உள்ளே வைப்பது ஒரு நாள் வேலை, ஸார். ஒத்துப்போக வைப்பதுதான் ஒரு மாத வேலை" என்றார் மேஸ்திரி.

வாஸ்தவந்தான். எஞ்சின் அமரும் இடம் மாறினால் பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் நீளமும் மாறும். பளு கூடினால் முன்புறம் அழுந்தும். தாங்கும் முறுக்குக் கம்பிகளைத் திருத்த வேண்டும். டீஸல் எஞ்சின் நிதானமாகச் சுழல்வது. பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றாவிட்டால் நெடுஞ்சாலையில் அலறுமேயன்றி ஓடாது. பிரேக்கை மறந்தாலோ, சொல்ல வேண்டியதில்லை!

பெரிய கம்பெனிகளும் இவ்வித்தையைச் செய்ததுண்டு. 1984ல் வந்த காண்டெஸாவின் உடல் இங்கிலாந்து வாக்ஸால். அதற்கு முதலில் வாய்த்தது அம்பாஸடரின் 1,489 ஸி.ஸி. எஞ்சின். வண்டி திணறியது. பிற்பாடு ஜப்பானிய இசுஸு எஞ்சின் வந்த பிறகே அதற்கு மூச்சு வந்தது. பியட் வம்சத்துப் பிரீமியர் 118என்இ வண்டியோ நிஸ்ஸான் எஞ்சினுடனேயே பிறந்தது.

நம் சென்னையின் கதைதான் கசப்பானது. 1948ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஸ்தாபனம், ஹெரால்டு, கெஸல் வண்டிகளால் பெயர் பெற்றது. அது 1985ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெருவண்டியை வெளியிட்டது. உடல், பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. ஐரோப்பாவில் 1977ஆம் வருஷத்தின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற அழகு வண்டி அது! அங்கே முதலில் அதை இழுத்தது 3,528 ஸி.ஸி., எட்டு ஸிலிண்டர் எஞ்சின். இங்கே பொருத்தியதோ 1940களின் வான்கார்டு எஞ்சின் வழிவந்த 1,991 ஸி.ஸி. யந்திரம், சுமார் 83 குதிரை சக்தி. பேரன் சட்டையைத் தாத்தாவுக்கு மாட்டியதுபோல் ஆயிற்று. விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம், ஜனங்கள் வாங்கவில்லை. 1988ல் உற்பத்தி நின்றது. மிஞ்சிய உதிரிப் பாகங்களைப் பிரிட்டிஷ் கம்பெனியொன்று வாங்கிப் போயிற்று. சுதேசி வண்டி என்று சொல்லிக்கொண்டு பிறர் கூட்டில் பிறர் உயிரை ஏற்றினோமே, நமக்கென ஓர் எஞ்சின் வரையப் பணமும் பொறுமையும் செலவிட்டோமா என்பதே நம் வருத்தம்.

தனி மனிதருக்குச் சட்டத்தின் தடையும் உண்டு. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண் வேறு, வண்டியிலுள்ளது வேறு என்றால், விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

"அனுமதி வாங்கியாயிற்றா?" என்று மேஸ்திரியைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, கழற்றிய எஞ்சினின் மீது தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"இதை விற்க வேண்டாமென்று சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், ஸார். ஒருவேளை திரும்பி வர வேண்டியிருக்கும்."