ஃபெசன்ட் சின்னப் பறவையா, பெரிய பறவையா?

பிரிட்டனில் ஓடுகிற ரயில் மேல் ஒரு பறவை வந்து மோதுகிறது. கண்ணாடி உடைகிறது, ரயில் லேட். இந்த லேட் யார் கணக்கு? சின்னப் பறவை என்றால் ரயிலை ஓட்டும் கம்பெனியின் கணக்கு. பெரிய பறவை என்றால் தண்டவாளத்தை வைத்திருக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தின் கணக்கு. சரி, ஃபெசன்ட்? நம்ம ஊர் காட்டுக்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பறவை எதில் சேர்த்தி? இதற்கு நிஜமாகவே சண்டை நடந்திருக்கிறது. 2021 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ரயில்வே சீரமைப்புத் திட்டத்திலேயே இது உதாரணமாக வருகிறது. யார் மேல் தப்பு என்று வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் ஏறக்குறைய 400 பேர் என்றும் அதில் இருக்கிறது.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்த 400 பேர் செய்யும் வேலையின் உள்ளே போய்ப் பார்த்தால், அது கேலிக்குரியது என்று எனக்குத் தோன்றவில்லை.

1993-ல் வந்த சட்டம் பிரிட்டிஷ் ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்தது. தண்டவாளமும் சிக்னலும் ஒரு நிறுவனத்துக்கு (முதலில் ரெயில்டிராக், 2002 முதல் நெட்வொர்க் ரெயில்), பயணிகள் ரயில்கள் சுமார் 25 தனித்தனி ஒப்பந்தங்களுக்கு. அதுவரை ஒரே வீட்டுக்குள் இருந்த லேட், இப்போது இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே நிற்கும் பிரச்சினை. சிக்னல் வேலை செய்யவில்லை என்றால் ரயில் கம்பெனிக்கு நஷ்டம். ரயில் நடுவழியில் படுத்துவிட்டால் பின்னால் வரும் மற்ற கம்பெனிக்காரனுக்கு நஷ்டம். யாராவது கணக்கு எழுதியே ஆக வேண்டும்.

எப்படி எழுதுகிறார்கள்? டிரஸ்ட் என்ற கணினி அமைப்பு ஒவ்வொரு ரயிலும் குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும் நேரத்தை அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு ரயில் 3 நிமிடமோ அதற்கு மேலோ இழந்தால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சிக்னல் ஊழியரிடம் கேட்டு, ரயில் கம்பெனியிடம் கேட்டு, அந்த நிமிடங்களை ஒரு சம்பவத்தோடு சேர்த்து, ஒரு காரணக் குறியீடு கொடுக்கிறார். கம்பெனி ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் படிப்படியாக மேலே போகும். கடைசியில் இதற்கென்றே இருக்கும் வாரியம் வரை.

உண்மையான சிக்கல் முதல் ரயிலில் இல்லை, அதன் பின்னால் வருவதில்தான். கற்பனையாக ஒன்று சொல்கிறேன். காலை 7 மணிக்கு ஒரு ரயிலின் கதவு மூடவில்லை, 6 நிமிடம் போய்விட்டது. அது ஜங்ஷனுக்கு வரும்போது அதன் முறை தவறிவிட்டது. வேறொரு கம்பெனியின் ரயில் இதற்காக 4 நிமிடம் வெளியே நிற்கிறது. அந்த ரயிலின் ஓட்டுநர் இறங்கி 8 மணி வண்டியை எடுக்க வேண்டியவர், அதுவும் லேட். விதிப்படி இவை எல்லாமே அந்த ஒரு கதவின் கணக்கு. பிரிட்டனில் பதிவாகும் தாமத நிமிடங்களில் பாதிக்கும் மேல் இப்படிச் சங்கிலியாக வருபவைதான். அதனால்தான் சண்டை சூடாகிறது. ஜங்ஷனில் சிக்னல்காரர் வேறு ரயிலை முதலில் விட்டிருந்தால் அந்த 4 நிமிடம் மிச்சமாகியிருக்குமே, அப்புறம் அது எப்படிக் கதவின் குற்றம் என்று கம்பெனி கேட்கும். நியாயமான கேள்வி.

இங்கே ‘பொறுப்பு’ என்பதற்கு ‘குற்றம்’ என்று பொருள் இல்லை. திருடன் செம்புக் கேபிளை அறுத்துக்கொண்டு போனால் அது நெட்வொர்க் ரெயிலின் கணக்கு. வேலி தாண்டி யாராவது தண்டவாளத்துக்குள் வந்தாலும் அப்படித்தான். ரயிலுக்குள் பயணிக்கு மயக்கம் வந்தால் ரயில் கம்பெனியின் கணக்கு. மயக்கம் போட வைத்தது கம்பெனியா என்ன? இல்லை. ஆனால் வேலி போட முடிந்தவர் ஒருவர், ரயிலுக்குள் ஆள் வைக்க முடிந்தவர் இன்னொருவர். யாரால் அடுத்த முறை ஏதாவது செய்ய முடியுமோ, அவர் தலையில் போடு என்பதே இதன் தர்க்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அப்படிப் பார்த்தால் ஃபெசன்ட் கேள்வி அவ்வளவு அபத்தமில்லை. சின்னப் பறவை மோதினால் தாங்கும்படி ரயில் இருக்க வேண்டும்.

நிமிடங்கள் பிறகு பணமாகின்றன. ஒப்பந்தத்தில் செட்யூல் 8 என்ற பகுதி. ஒவ்வொரு தரப்புக்கும் ‘இவ்வளவு லேட் சகஜம்’ என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் பணம் கட்ட வேண்டும், குறைத்தால் பணம் வரும். ரத்தான ரயிலையும் நிமிடமாக மாற்றிச் சேர்ப்பார்கள். ஒரு கம்பெனி இன்னொன்றைக் கெடுத்தால் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. கெடுத்தவர் நெட்வொர்க் ரெயிலிடம் கட்ட, அது பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும்.

எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது பறவை அல்ல, 3 நிமிட வரம்பு. கூட்டத்தால் ஸ்டேஷனில் 1 நிமிடம், மெதுவாகக் கிளம்பியதால் 2 நிமிடம்... இவை பெரும்பாலும் காரணம் எழுதப்படாமலே போகின்றன. நெரிசலான பாதையில் இந்தச் சில்லறைதான் சேர்ந்து பெரிய தொகையாகிறது.

இப்போது இதற்கு இன்னொரு சோதனை. 2024-ல் வந்த சட்டப்படி ரயில் கம்பெனிகள் மறுபடி அரசிடம் வருகின்றன; 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரெயில்வே முதலாவதாக வந்தது. நெட்வொர்க் ரெயிலும் அரசுடையதே. அப்புறம் செட்யூல் 8 பணம் என்பது ஒரே சட்டையின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவதுதானே? (சரக்கு ரயில்கள் தனியாரிடமே இருப்பதால் முழுசாக எடுத்துவிடவும் முடியாது.) பணத்தை நிறுத்தினாலும் காரணம் எழுதுவதை நிறுத்திவிடக் கூடாது என்பது என் கட்சி. எந்த பாயிண்ட் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, எந்த வகை ரயிலின் கதவு மோசம் என்று சொல்வது அந்தப் பதிவுகள்தான்.

ஒன்று கவனித்தீர்களா, இவ்வளவு கணக்கிலும் பயணி எங்கேயும் வரவில்லை. செட்யூல் 8 பணம் அவருக்குப் போவதில்லை. அவருக்கு டிலே ரீபே என்று தனித் திட்டம்: பல கம்பெனிகளில் 15 நிமிட தாமதத்திலிருந்தே டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அங்கே யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது.

நம் நாட்டில் அப்படி ஒரு பொதுவான உரிமை இல்லை. ஆனால் 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. 2016-ல் அஜ்மீரிலிருந்து ஜம்மு போன ரயில் 4 மணி நேரம் லேட், ஒரு குடும்பத்துக்கு ஸ்ரீநகர் விமானம் போச்சு. தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கட்டண விதியிலேயே இருக்கிறது என்றது ரயில்வே. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், ஏன் லேட் என்பதற்கு இந்த வழக்கில் அது எந்தச் சாட்சியமும் வைக்கவில்லை என்று சொல்லி, 30,000 ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.