சட்டம் பேசுகிறது – 12: நடைமுறை என்றால் எந்த நடைமுறை?

நம் அரசியலமைப்பின் 21-ஆம் கூறு ஒரே ஒரு வாக்கியம். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். படிப்பவர் கண்ணில் முதலில் படுவது உயிர், சுதந்திரம் ஆகிய பெரிய சொற்கள். ஆனால் நீதிமன்றத்தில் 28 ஆண்டுகள் இழுபறிக்கு உள்ளானது ‘புரொசீஜர்’ என்ற சாதாரணச் சொல்.

அது உள்ளே வந்த விதமே சுவாரசியமானது. அரசியல் நிர்ணய சபையில் 1947-இல் முதலில் பேசப்பட்டது அமெரிக்காவின் ‘டியூ பிராசஸ்’, அதாவது முறையான நடைமுறை, என்ற சொற்றொடர். அந்த ஆண்டின் கடைசியில் சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா சென்று, அங்குள்ள உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். ‘டியூ பிராசஸ்’ஸைக் காட்டித்தான் அமெரிக்க நீதிபதிகள் தொழிலாளர் நலச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியிருந்தார்கள். ரொட்டி தயாரிக்கும் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கு நியூயார்க் மாநிலம் விதித்த வரம்பு 1905-இல் விழுந்தது அப்படித்தான். மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு மேல் நீதிபதிகளுக்கு இத்தனை அதிகாரம் வேண்டாம் என்பது ஃபிராங்ஃபர்ட்டரின் கருத்து. ராவுக்கும் அது சரியென்று பட்டது. ஜப்பானின் 1946 அரசியலமைப்பை ஒட்டி, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று வரைவு மாறியது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதை ஆதரித்தார், கே.எம்.முன்ஷி எதிர்த்தார். அம்பேத்கர் இரண்டு வழியிலும் உள்ள ஆபத்தைச் சொல்லி, முடிவைச் சபையிடம் விட்டார். புதிய சொற்றொடரே நிலைத்தது.

அதற்கான முதல் சோதனை சென்னை மாகாணச் சிறையிலிருந்து வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே அடைபட்டிருந்தார். 1950 மார்ச் 1-ஆம் தேதி, புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் சிறைக்குள்ளேயே அவரிடம் ஓர் உத்தரவு நீட்டப்பட்டது. அவருக்காக வாதாடிய எம்.கே.நம்பியார் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்: நாடாளுமன்றம் எதை எழுதி வைத்தாலும் அது நடைமுறை ஆகிவிடுமா? ஆகும் என்றது உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை. சட்டம் என்றால் அரசு இயற்றிய சட்டம். அதில் சொன்ன படிகள் பின்பற்றப்பட்டனவா என்று பார்க்கலாம், அந்தப் படிகள் நியாயமானவையா என்று பார்க்க முடியாது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற 14-ஆவது பிரிவு மட்டும் ரத்தானது.

நீதிபதி ஃபஸல் அலி உடன்படவில்லை. முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற தீர்ப்பாளர், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் இருந்தால்தான் அது நடைமுறை என்றார். அன்று அது சிறுபான்மைக் குரல்.

நெருக்கடி நிலை வந்தபோது பெரும்பான்மைக் கருத்தின் விலை தெரிந்தது. ஆட்சியாளருக்குச் சட்டம் இயற்றும் கை இருக்கும்வரை, சட்டம் வகுத்த நடைமுறையும் அவர் கையில்தான் இருக்கும்.

1977 ஜூலையில் மேனகா காந்திக்கு ஒரு கடிதம் வந்தது. பொதுமக்கள் நலன் கருதி அவருடைய பாஸ்போர்ட் முடக்கப்படுகிறது, ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும். காரணம் கேட்டார், பொதுமக்கள் நலன் கருதிக் காரணம் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது, நெருக்கடி நிலையை எதிர்த்து வென்று வந்த ஜனதா அரசு.

1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது. அது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும், மனம்போன போக்கில் அமையக் கூடாது என்று எழுதினார் நீதிபதி பி.என்.பகவதி. பாஸ்போர்ட் அன்றே திரும்பக் கிடைத்துவிடவில்லை. மேனகாவின் தரப்பைக் கேட்பதாக அரசு உறுதி தந்ததால் நீதிமன்றம் அத்துடன் நிறுத்திக்கொண்டது. ஆனால் ஃபஸல் அலியின் சிந்தனை 28 ஆண்டுகளுக்குப் பின் சட்டமானது. அரசியலமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நிர்ணய சபை கவனமாக வெளியே வைத்த ‘டியூ பிராசஸ்’, நீதிமன்ற வாசல் வழியாக ஏறக்குறைய முழுசாக உள்ளே வந்துவிட்டது.

பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கிடைத்த இந்த நியாயம் ஏழைக்கும் எட்டியதா? அடுத்த ஆண்டே எட்டியது. பிகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையைவிட நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தது ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளிவந்தது. முடிவில்லாமல் இழுக்கும் விசாரணை நியாயமான நடைமுறையே அல்ல என்றது நீதிமன்றம். விரைவான விசாரணை 21-ஆம் கூறு தரும் உரிமையாயிற்று. சொந்த ஜாமீனில் பலர் வெளியே வந்தார்கள்.

“புரொசீஜர் அப்படித்தான்” என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் பேச்சு அங்கே முடிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். 1978-க்குப் பிறகு பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. காரணம் சொன்னீர்களா, என் தரப்பைக் கேட்டீர்களா, பாரபட்சமில்லாமல் முடிவெடுத்தீர்களா என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

(தொடரும்)