பாதி வழியில் நின்ற தாதிக்கு ஒரு பாலம்

பொருள் முட்டுப்பாட்டால் சிறிய படிப்போடு நின்றுவிட்ட ஒரு பெண், பின்னாளில் பெரிய படிப்புக்கு வர விரும்பினால், அவள் முன்பு கற்றதற்கு மதிப்பு உண்டா? அன்றி, முதற்படியிலிருந்தே மீண்டும் ஏற வேண்டுமா? பத்தாண்டு தறியில் நெய்தவனைத் தார் சுற்றுவதிலிருந்து மறுபடி பழகச் சொல்வாருண்டோ! தாதித் தொழிலில் இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கண்ட விடை, தாதிப் படிப்புக்குப் பெண்களை அனுப்பியுள்ள நம் அங்கத்தினர் அறியத்தக்கது.

அந்நாட்டில் ஏறக்குறைய ஓராண்டு பயின்று, உரிமத் தேர்வில் தேறி வேலைக்கு வருபவர் நடைமுறைத் தாதி எனப்படுவர். அவருக்கு மேற்பட்டவர் பதிவுபெற்ற தாதி. முன்னாளில் மருத்துவமனைப் பள்ளிகளில் மூன்றாண்டு பயின்று இத்தகுதி பெறுவதே பெருவழக்கு. இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பால் தாதியரை உருவாக்கலாம் என மில்ட்ரெட் மாண்டாக் என்னும் அம்மையார் 1951-இல் எழுதினார். 1952-இல் சோதனை தொடங்கிற்று. பின்னர் இப்படிப்பு சமுதாயக் கல்லூரிகளில் பரவியது. இன்று நடைமுறைத் தாதியர் பலர் மேலேறும் பாலம் அங்கேதான் இருக்கிறது.

உரிமம் உடையவருக்கு முதலாண்டுத் தாதிப் பாடங்களிற் பெரும்பகுதி கற்றதாக வரவு வைக்கப்படுகிறது. இணைப்புப் பாடம் ஒன்றை முடித்து, அவர் இரண்டாம் ஆண்டு மாணவியரோடு சேர்ந்துகொள்ளலாம். ஆயினும் உடலமைப்பு, உடலியல், நுண்ணுயிரியல் போன்றவற்றில் முன்னரே தேறியிருக்க வேண்டும். ஓராண்டில் முடியும் என்று சொல்லக் கேட்டால், இவற்றுக்குச் செல்லும் காலத்தையும் கூட்டிப் பார்ப்பது நலம்.

இரண்டாம் ஆண்டில் கற்பது கைவேலை அன்று. புண் கட்டவும் மருந்து கொடுக்கவும் அவர் அறிவார். நோயாளியின் நிலையைக் கவனித்து மேலாளுக்கு அறிவிப்பதே இதுவரை அவர் கடமை. இனி அந்நிலையை முதலில் ஆராய்ந்து, பணிவிடைத் திட்டத்தைத் தாமே வகுக்க வேண்டும். நாலு நோயாளிகளுள் எவரிடம் முதலில் செல்வது என்பதே பெரிய பாடம். இறுதி உரிமத் தேர்வும் இதையே சோதிக்கிறது; 2023 ஏப்ரல் முதல் நோயாளியின் வரலாற்றைத் தந்து, படிப்படியாக முடிவு செய்யச் சொல்லும் வினாக்களும் சேர்ந்துள்ளன. நீண்ட அனுபவம் தானே கைகொடுக்கும் என்றிருப்பது தவறு.

கலிபோர்னியாவில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. நடைமுறைத் தாதியாய் இருப்பவர் 30 பருவ அலகுகளுக்கு மேற்படாத பாடங்களை முடித்துப் பதிவுத் தேர்வு எழுதலாம். ஆனால் பட்டம் கிடையாது. பிற மாநிலங்கள் அவ்வுரிமத்தை ஏற்காமற் போகலாம். ஊர் மாறும் குடும்பத்தினர் இதை எண்ணாமல் இறங்கலாகாது.

நம் நாட்டில் பாலம் மேற்படிக்கு மட்டுமே இருக்கிறது. மூன்றாண்டுப் பட்டயம் பெற்ற தாதி, மேலும் 2 ஆண்டு பயின்று பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம். ஏ.என்.எம். என வழங்கும் 2 ஆண்டுத் துணைத் தாதிப் படிப்பை முடித்தவரும் பட்டயப் படிப்பிற் சேரத் தகுதியுடையவரே. எனினும் 3 ஆண்டும் முழுமையாகப் பயில வேண்டும். ஆகவே துணைத் தாதியாகத் தொடங்கிப் பட்டம் வரை செல்பவள் படிப்பில் மட்டும் 7 ஆண்டு செலவிடுகிறாள். நேரே பட்டப் படிப்பில் சேர முடிந்தவளுக்கு ஆவது 4 ஆண்டு.